இருக்கட்டும் அண்ணனின் நிலவறை

மதுரை டவுனுக்குள் கையில் எடுத்த எதையுமே கீழே போடாமல் வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். நான் பார்த்தவரைக்கும் சொல்கிறேன். இந்த வயதுக்கு நான் இந்த ஊரில் பார்க்காதது குறைவு. சட்டையில் பட்டன் அறுந்தால் பட்டனை எடுத்து வைப்பார். பட்டன் கிடைக்காவிட்டால் அறுந்த நூலை எடுத்து வைப்பார். யாராவது, "இது எதுக்குண்ணே, தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று கேட்டால் பதில் ஒரே சொல்தான்.

"இருக்கட்டும்."

அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர்கூட முடுக்குச் சந்து முனையில் சைக்கிளை நிறுத்தி, இருக்கட்டும் வீட்டில் ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை.

அவருடைய அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது நடந்ததாக ஒன்று சொல்வார்கள். சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இவர் போட்டார், நடந்தார், நாலாவது எட்டில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டார். கூட வந்தவர்கள் பதறிப்போய், அப்பா நினைப்பில் பார்க்கிறார் என்று தோளைப் பிடித்திருக்கிறார்கள். இவர் மெதுவாக, "அதுக்கில்லப்பா. வாய்ப்பக்கம் ஒடையாமக் கெடக்கு" என்றாராம். நான் அன்றைக்கு அங்கே இல்லை. ஆனால் சொன்னவர்கள் மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். அந்தக் குடத்தின் வாயைப் பிற்பாடு நானே என் கையால் தூக்கினேன். அதற்கு வருகிறேன்.

நான் அப்போது கீழவாசல் பக்கம் கைவண்டி இழுத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். ஜட்கா வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஆட்டோக்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். குதிரைக்காரர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். குதிரைகளின் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. என் கைவண்டிக்கு மட்டும் அப்போதும் வேலை இருந்தது. மனுசன் தோளுக்கு மாற்று அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

அந்தப் பக்கத்தில் பழைய தானிய வியாபாரிகள் கட்டிய வீடுகள் சிலவற்றில் நிலவறை உண்டு. கூடத்துத் தரையில் ஒரு மரக்கதவு படுத்திருக்கும். தூக்கினால் கல்படி இறங்கும். கீழே வீட்டு அகலத்துக்கு ஒரு அறை. ஒரு காலத்தில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த இடம். தெருவோரம் தரைமட்டத்தில் ஒரு கம்பி சன்னல் இருக்கும், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். இருக்கட்டும் வீட்டு நிலவறை அப்படிப்பட்டது. பதிமூன்று படி. ஆனால் எனக்குத் தெரிந்த காலத்தில் எட்டாவது படிக்குக் கீழே யாரும் இறங்கியதில்லை. எட்டாவது படிவரைக்கும் சாமான் ஏறி நின்றது, கிணற்றில் தண்ணீர் ஏறி நிற்கிற மாதிரி.

அவருக்குத் தொழில் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார் கரிந்து போனால் உள்ளே இருக்கிற பழைய செப்புக் கம்பியை உரித்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது. கப்பலூரில் ஒரு பட்டறையில் இருந்தார். காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். அங்கே இருந்தும் வெறும் கையோடு வந்ததில்லை. ஒரு நாள் அரை பெட்டி, ஒரு நாள் பெட்டிக்கு மூடி. அந்த மூடி அந்தப் பெட்டிக்குச் சேராது.

மதினியைச் சொல்ல வேண்டும். அவர் சம்சாரத்தை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை குட்டி இல்லை. தொண்டை மட்டும் பத்துப் பிள்ளை பெற்றவள் தொண்டை. அவர் சைக்கிளிலோ தோளிலோ எதையாவது தொங்கவிட்டுக்கொண்டு முடுக்குக்குள் நுழையும்போதே மதினி ஆரம்பித்துவிடுவார். "போடு. அத மொதல்ல வெளிய போடு. நீ வாரதுக்கு முந்தி அது வீட்டுக்குள்ள வரக் கூடாது, போடு." அவர், "இருக்கட்டும்" என்பார். "போடுங்கிறேன்ல." "இருக்கட்டும்டி." இப்படி அரை மணி நேரம். முடுக்கில் சின்னப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, போடு கட்சி, இருக்கட்டும் கட்சி என்று விளையாடும். அவர்கள் பதினெட்டு வருசம் பேசியது மொத்தமும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஒரு பங்குனி மாதம் மதினி அடுப்படியில் விழுந்தார். வலது கை, வலது கால் இரண்டும் செத்துப் போயின. பேச்சும் போயிற்று. பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து திரும்பி வந்தபோது பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

"போடு."

தண்ணீர் வேண்டுமென்றாலும் போடு. பசித்தாலும் போடு. அழுகை வந்தாலும் அதே போடுதான், கொஞ்சம் இழுத்து வரும். டாக்டர் அது தானாக வருகிற சொல், அர்த்தம் இருக்காது என்றாராம். இருக்கட்டும் அண்ணன் என்னிடம் சொன்னார்: "அர்த்தம் இல்லாம இருக்காது தம்பி. அம்புட்டுச் சொல்லும் போயி அது மட்டும் நின்னுருக்குன்னா, எம்மேல எம்புட்டுக் கோவம் இருந்துருக்கணும்." நான் பீடியைப் பற்ற வைத்துக் கொடுத்தேன். தீக்குச்சியை வாங்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டார்.

கப்பலூருக்குப் போகாவிட்டால் சோறு இல்லை. போனால் மதினியைப் பார்க்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மத்தியானம் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் அவர் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மதினி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டார். விழுந்த இடத்திலேயே கிடந்து போடு, போடு என்று கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. புருசன் பெண்டாட்டி வழக்கம் போலச் சண்டை போடுகிறார்கள், அவர் இன்று வேலைக்குப் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு அரிசி புடைத்திருக்கிறாள். பொழுது சாய அவர் வந்து கதவைத் திறக்கிறவரைக்கும் மதினி தரையில்தான் கிடந்தார். உதட்டோரம் எறும்பு.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மேல் தப்பில்லை. முடுக்கில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். நானும்தான்.

மூன்றாம் நாள் மதினியின் தம்பி ஒத்தக்கடையிலிருந்து வந்தார். நிலம் நீச்சு உள்ள ஆள். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் அப்போது வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தேன்.

"மாமா, கப்பலூருக்கும் போகணும், எங்கக்காவையும் பாக்கணும்னா நடக்காது. நான் ஒத்தக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இருக்கட்டும் மாப்ள."

"என்ன இருக்கட்டும்? எங்கக்கா என்ன ஒங்க ஓட்டை வாளியா?"

இவர், வீட்டுக்குள்ளேயே பட்டறை போட்டுவிடுகிறேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருப்பேன் என்றார். எங்கே போடுவீர்கள், இருப்பது ஒரு கூடம், ஒரு அடுப்படி என்றார் தம்பிக்காரர். இவர் கூடத்துத் தரையைக் காலால் தட்டிக் காட்டினார்.

தம்பிக்காரர் போய் மரக்கதவைத் தூக்கி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். "பூனை போக எடமில்ல மாமா. ஆயுத பூஜைக்கு மறுநா வாரேன். கீழ பட்டறை ஓடுச்சுன்னா வாயத் தொறக்காமத் திரும்பிப் போயிருவேன். இல்லைன்னா கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் எங்கக்காவப் பாக்கணும்னா நீங்க பஸ்ஸேறித்தான் வரணும்."

கட்டிலிலிருந்து மதினி, "போடு" என்றார். யாரிடம் சொன்னார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு இருபது நாள் இருந்தது. என்னையும் இன்னும் இரண்டு சுமைக்காரர்களையும் கூப்பிட்டார். மூன்று பேர் சேர்ந்தால் இரண்டு நாளில் காலி பண்ணிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். எனக்குக் கணக்கு வராது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அவர் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார், செக்போஸ்ட்டில் உட்கார்ந்த மாதிரி. ஒவ்வொரு சாமானும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அதன் கதையைச் சொல்வார். பிடியில்லாத குடைகள் ஒரு கட்டு வந்தது. எந்தக் குடை எந்த மழையில் யாரிடம் ஒடிந்தது என்று சொன்னார். ஒற்றைச் செருப்புகள் ஒரு சாக்கு. எல்லாம் இடது கால். ஏன் இடது கால் மட்டும் என்று கேட்டேன். "வலது கால் செருப்பத் தொலைக்கிறவன் இடத வச்சுக்கிட்டு என்ன செய்வான்? என்கிட்டத்தான் குடுப்பான்" என்றார். பழைய காலண்டர்கள் ஒரு அடுக்கு. இதையாவது போடலாமா என்றால், தேதியும் கிழமையும் ஒரு நாள் திரும்பி வந்து சேரும் தம்பி, அப்போது புதுக் காலண்டர் வாங்க வேண்டியதில்லை என்றார். பிறகு ஒரு பல்செட்டு வந்தது. மேல்வரிசை மட்டும். யாருடையது என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"செத்துப்போயிட்டாரு. பல்லு புதுசு."

உடைந்த குடத்தின் வாய் வந்தபோது அவர் வாங்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நாங்களும் கதை கேட்கவில்லை.

முதல் நாள் மூன்று வண்டி ஏற்றினேன். பழைய இரும்புக்கடையில் கொட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வந்து மரக்கதவைத் தூக்கினால் சாமான் எட்டாவது படியில்தான் நின்றது. விடியற்காலையில் எழுந்து போய்க் கடைக்காரரிடம் கெஞ்சி, அவரே தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த வீட்டுச் சாமானைக் கொண்டுவராதே, எனக்கு வேறு பிழைப்பு இருக்கிறது என்றார். சுமைக்காரரில் ஒருவனைத் தேள் கொட்டியது. அவன் துடித்துக்கொண்டு கிடக்க, இவர் தேளை அடித்து ஒரு சீசாவில் போட்டு, "இருக்கட்டும், மருந்துக்கு ஆகும்" என்றார். சீசாவும் அங்கே இருந்ததுதான்.

இப்படியே பத்து நாளுக்கு மேல் போயிற்று. ஒன்பதாவது படிக்கு வந்திருந்தோம்.

நவராத்திரி தொடங்கிய மறுநாள் காலை, நாங்கள் மூன்று பேரும் மரக்கதவைத் தூக்கினோம். எனக்கு முன்னால் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே இருந்த அத்தனை சாமானுக்கும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. குடைக்கு, காலண்டருக்கு, கிராமபோன் குழாய்க்கு, பல்செட்டுக்கு. செருப்புக்கு மட்டும் வைக்கவில்லை. அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

"என்னண்ணே இது?"

"ஆயுத பூஜைதான் வருதே. முன்கூட்டியே வச்சுட்டேன். இதுல எது ஆயுதம், எது குப்பைன்னு நாம எப்பிடித் தம்பி சொல்ல முடியும்?"

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் ஒரு சுத்தியலுக்குப் பொட்டு வைத்துவிட்டால் பூஜை முடிந்து மறுநாள் காலைவரைக்கும் அதைத் தொட மாட்டோம். பொட்டு வைத்த சாமானைக் குப்பையில் கொட்டுவது என்றால் எந்தச் சுமைக்காரன் கையும் வராது. என்னோடு வந்த இரண்டு பேரும் மேல்படியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அண்ணே நாங்க வாரோம் என்று போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். எனக்கும் பயம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். செய்த தந்திரம் பலித்தவன் முகம் இல்லை. பட்டறை போடாவிட்டால் மதினி போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும். போடவும் முடியவில்லை.

"என்னால முடியலடா தம்பி," என்றார். "ஒவ்வொண்ணையும் தூக்கையில என்னையத் தூக்குற மாதிரி இருக்கு."

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, கோபத்தில் வாயில் வந்ததுதான். "ஒங்களால முடியாதுண்ணே. போடணும்னு சொல்ல வீட்டுல ஒரு ஆள் இருக்குல்ல. அதுகிட்டக் கேளுங்க" என்றேன்.

நிலவறையிலிருந்து முதல் நாளே ஒரு சவரக்கடை நாற்காலியை ஏற்றி வைத்திருந்தோம், தலை சாய்க்கிற கட்டையோடு. அதில் மதினியை உட்கார வைத்து, முந்தானையால் இடுப்பைக் கட்டி, மரக்கதவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். நான் கீழே இருந்து கொடுக்க, அவர் வாங்கி மதினிக்கு முன்னால் காட்டினார். முதலில் குடைக்கட்டு.

"போடு," என்றார் மதினி.

அவர் துண்டை நனைத்துப் பொட்டைத் துடைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னிடம் கொடுத்துவிட்டார். நான் வாய் பிளந்து நின்றேன். அடுத்தது காலண்டர். போடு. துடைத்தார், கொடுத்தார். மதினிக்கு முன்னால் பொட்டை அழிப்பதைப் பார்க்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மதினி கவனிக்கவில்லை. கிராமபோன் குழாய். பல்செட்டு. போடு, போடு. பதினெட்டு வருசமாகச் சொல்லி நடக்காதது அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது. மதினியின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பழைய தொண்டை திரும்பி வந்த மாதிரி இருந்தது. முகத்தின் இடது பாதி சிரித்தது. வலது பாதி அப்படியே இருந்தது.

மத்தியானத்துக்குள் பதினோராவது படி தெரிந்தது. மூன்றாம் நாள் தரை தெரிந்தது. தரை எப்படி இருக்கும் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

வாசலோரம் ஒதுக்கி வைத்திருந்த முதல் நாள் சாமான்கள் கடைசி நடையாக வண்டியில் ஏறி, வேறொரு இரும்புக்கடைக்குக் கொண்டுபோக நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, அந்தக் குடையக் கொஞ்சம் எறக்கு."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏத்துனது ஏத்துனதுதாண்ணே. மறுபடி மொதல்ல இருந்தா?"

"வச்சுக்கிறதுக்கு இல்லடா. இன்னொரு தடவ கேட்டுக்கிர்றேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மதினி அவ்வளவு பேசியதில்லை. குடையை இறக்கிக் கொடுத்தேன். உள்ளே கொண்டுபோய்க் காட்டினார். போடு என்ற சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. திரும்பக் கொண்டுவந்து வண்டியில் வைத்துவிட்டு, பல்செட்டைக் கேட்டார். இப்படியே பொழுது சாய்கிறவரைக்கும் இறக்கி ஏற்றினோம். ஒரே சுமையை ஐந்தாறு தடவை ஏற்றியது என் தொழிலில் அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டுக்குத்தான் மதினி போடு சொல்லவில்லை. ஒன்று குடத்தின் வாய். அதை அவர் காட்டவே இல்லை. இன்னொன்று ஒரு ஜட்கா மணி. வண்டிப் பலகைக்கு அடியில் வெண்கல மணியும், மேலே வண்டிக்காரர் காலால் மிதிக்கிற கட்டையுமாக இருக்குமே, அது. உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து கழற்றி வந்தது. அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு மதினி முகத்தைப் பார்த்தார். மதினி நல்ல காலான இடது காலை மெதுவாக நீட்டிக் கட்டையை மிதித்தார். டிங் என்றது. கீழவாசலில் வழி விடச் சொல்லி ஒரு குதிரை வருகிற மாதிரி இருந்தது. திரும்ப மிதித்தார்.

மறுநாள் அவர் கூடத்துத் தரையில் துளை போட்டார். மணி கீழே நிலவறைக் கூரையில், மிதி கட்டை மேலே கட்டிலுக்குப் பக்கத்தில். மதினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இடது காலைத் தொங்கவிட்டால் சரியாகக் கட்டையில் படும். ஒன்று அடித்தால் தண்ணீர். இரண்டு அடித்தால் தூக்க வேண்டும். மூன்று அடித்தால் சும்மா வா என்று அர்த்தம்.

ஆயுத பூஜை அன்று நிலவறையில் ஒரு மர மேசை, ஒரு கம்பி சுற்றும் சட்டம், நாலைந்து ஸ்பானர் சாவி, ஒரு டெஸ்ட் பல்பு, இவ்வளவுதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மேலே தொங்கிய மணிக்கும் ஏணி போட்டு ஏறி வைத்தார். மறுநாள் காலை தம்பிக்காரர் காரோடு வந்தார். கூடத்தில் நின்றுகொண்டு, எங்கே பட்டறை என்று கேட்டார். மதினி அவரையே பார்த்துக்கொண்டு மூன்று அடித்தார். இருக்கட்டும் அண்ணன் நிலவறையிலிருந்து தலையை நீட்டினார், கழுத்தில் செப்புக் கம்பி வளையத்தோடு.

"வாங்க மாப்ள."

தம்பிக்காரர் சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்காமல் வெளியே போனார். கார் டிக்கியைத் திறந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். உள்ளே கரிந்துபோன கிணற்று மோட்டார் ஒன்று கிடந்தது. அக்காவைக் கூட்டிப் போவது, மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போவது, இரண்டையும் யோசித்துத்தான் கிளம்பியிருக்கிறார். அதுதான் பட்டறைக்கு முதல் வேலை. பதிமூன்று படியும் நான்தான் இறக்கினேன். அந்த முழங்கால் வலி இன்றைக்கும் மழைக்கு முன்னால் சொல்லிவிடும்.

எட்டு வருசம் ஓடியது அந்தப் பட்டறை. ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் மோட்டார் வரும். கீழே இருந்து கம்பி சன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். அவருக்கு அது போதும். "என்ன தம்பி, குதிகால் வெடிச்சிருக்கு, எண்ணெய் போடு" என்று தரையிலிருந்து குரல் வரும். புதிதாக முடுக்குக்கு வந்தவர்கள் பயந்து போவார்கள். மோட்டார் கொண்டு வந்த விவசாயச் சம்சாரிகள் மணிச் சத்தம் கேட்டதும் குதிரைக்கு ஒதுங்குவது போல ஒதுங்குவார்கள். அவர் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஓடுவார். சில நாள் ஒரு காயிலுக்குப் பத்துத் தடவை. மதினி மூன்றுதான் அதிகம் அடிப்பார். நிலவறையில் மறுபடி சாமான் சேரத்தான் செய்தது. ஆனால் வருசத்துக்கு ஒரு தடவை, பூஜைக்கு முந்தின வாரம், மதினியைச் சவரக்கடை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுவார். போடு என்றால் போட்டுவிடுவார். அதற்காகவே சேர்த்தாரோ என்னவோ.

ஒரு மாசி மாதம், முற்பகல். நிலவறை மணி மூன்று தடவை அடித்தது. அவர் கையில் வார்னிஷ். கீழே இருந்தே குரல் கொடுத்திருக்கிறார்: "இருக்கட்டும், கை கழுவிட்டு வாரேன்." மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மேலே ஏறினார். மதினி கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது கால் மிதி கட்டையில் இருந்தது.

மதினியை எடுத்துக்கொண்டு போனதற்குப் பிறகு அவர் வாயில் இருக்கட்டும் என்ற சொல் வரவில்லை. நான் கவனித்தேன். மோட்டார் கொண்டு வந்தவர்கள், அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள் என்றாலும் சரி என்றுதான் சொல்வார். எதையும் எடுத்து வைக்கவும் இல்லை. துக்க வருசம் என்று அந்த ஆயுத பூஜைக்குச் சாமி கும்பிடவில்லை. எந்தச் சாமானிலும் பொட்டு இல்லை. பூஜை கழிந்த அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வண்டியோடு போனேன்.

மரக்கதவு திறந்து கிடந்தது. அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் போடு," என்றார்.

மதினி சொன்ன மாதிரியே இருந்தது. கம்பிச் சட்டத்தையுமா என்றேன். போடு. மேசை? போடு. குடத்தின் வாயைத் தூக்கிக் காட்டினேன். அதற்கும் போடு. கட்டிலைப் பிரித்துப் போட்டிருந்தார். மதினியின் சேலைகள், சீப்பு, குங்குமச் சிமிழ் எல்லாம் ஒரு பழைய பெட்டியில் கிடந்தன. அதையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். மணியைக் கழற்றச் சொன்னார். சொல்லிவிட்டு, டீ வாங்கி வாரேன் என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் ஏணியை எடுத்து நிலவறையில் இறங்கினேன். ஏறி மணியைத் தொட்டேன். கழற்ற இரண்டு மரையாணிதான். கை வரவில்லை. இறங்கி மேலே வந்தேன். பெட்டியில் கிடந்த சிமிழைத் திறந்தேன். அடியில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. விரலால் வழித்து எடுத்துக்கொண்டு மறுபடி பதிமூன்று படியும் இறங்கினேன்.

அவர் டீயோடு வந்தார். மணி எங்கே என்று கேட்டார்.

"நான் எப்படிண்ணே கழட்டுவேன்? பொட்டு வச்ச சாமான்."

அவர் தூக்குச் சட்டியைக் கீழே வைக்காமலே கீழே இறங்கினார். ரொம்ப நேரம் வரவில்லை. நான் மேலே நின்று மிதி கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வைக்கத் தோன்றியது, வைக்கவில்லை. பிறகு அவர் படியேறி வரும் சத்தம் கேட்டது. என் விரலைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தும் சிவப்புப் போகவில்லை.

அவர் யார் வைத்தது என்று கேட்கவில்லை. டீயை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். வண்டியில் கிடந்த சிமிழை எடுத்து மூடி, இடுப்பில் செருகிக்கொண்டார். நான், மத்த சாமான் என்னண்ணே செய்ய என்று கேட்டேன்.

"இருக்கட்டும்," என்றார்.

அவ்வளவு சாமானையும் மறுபடி பதிமூன்று படி இறக்கினேன். அன்றைக்குத்தான் சுமை தெரியவில்லை.